அம்மை குத்தாத கை

1. ஃபைனல் வாரம்

திண்டுக்கல் மில் ஃபுட்பால் டீமில் நான் கோல்கீப்பர். ஐம்பதுகளின் கடைசியில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஃபைனல் வாரத்தில் கோல்கீப்பர் கையால் எந்த வேலையும் செய்யக்கூடாது. மில்லில் என் மூட்டையைக்கூட வேறு ஆள் தூக்குவார். ராஜ மரியாதை, எனக்குக் கசக்குமா?

அப்படி ஒரு வாரத்தில்தான் அம்மை குத்தும், அதாவது பெரியம்மைத் தடுப்பூசி போடும், முத்தையா அண்ணன் எங்களைத் தேடி வந்தார். நிலக்கோட்டைப் பக்கம் பூ விளையும் ஒரு ஊரில் பெரியம்மை கண்டிருந்தது. குத்திக்கொண்டால் ஆத்தா கோபிப்பாள் என்று சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"நீங்க வந்து ஆடுங்கப்பா, கூட்டம் கூடும். மொதல்ல நீங்க கையக் காட்டுனா அவங்களும் காட்டுவாங்க" என்றார்.

போய் ஆடினோம். நடுவில் பந்து என் கோலுக்குப் பின்னால் ஒரு வீட்டுக்குள் விழுந்தது. எடுக்கப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே பாயில் கிடந்த பிள்ளை பந்தைக் கட்டிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் சட்டையைக் கழற்றி வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது கேப்டன் செபாஸ்தியான் குறுக்கே புகுந்தார்.

"இவனுக்கு வேணாம்ணே. கை வீங்கிரும். மேட்ச் முடியட்டும்."

"இவனுக்குத்தான்யா மொதல்ல குத்தணும். தோள்ல சின்ன வயசுல குத்துன தழும்பே காணோமே!"

"ஞாயித்துக்கிழமை வரைக்குந்தாண்ணே."

நானும் தலையாட்டினேன். மற்ற பத்துப் பேரும் குத்திக்கொண்டார்கள்.

2. கண்ணாடி

ஃபைனலில் ஒரு பெனால்டியைப் பிடித்தேன். கப் எங்களுக்கு. கொண்டாட்டத்தில் அம்மை குத்துவது சுத்தமாக மறந்துபோனது.

அடுத்த வாரம் காய்ச்சல். பிறகு முகமெல்லாம் முத்து. பிழைப்பேன் என்று வீட்டில் யாருமே நம்பவில்லை. பிழைத்தேன். ஆனால் இடது கண்ணில் வெளிச்சம் இல்லை. அம்மா கண்ணாடி தர மறுத்தார். நானே தேடி எடுத்துப் பார்த்தேன். யாரோ ஒருவன் என்னைப் பார்த்தான். கத்திவிட்டேன்.

செபாஸ்தியான் பார்க்க வந்தார். "ஏலே, நாந்தாண்டா..." என்று ஆரம்பித்தார். அவருக்கும் தோளில் அம்மை குத்திய தழும்பு ஒன்று இருந்தது, காசு அளவுக்கு. அவ்வளவுதான்.

3. இரண்டாவது வேலை

சில மாதம் கழித்து முத்தையா அண்ணன் வந்தார்.

"தம்பி, கேக்கவே கூச்சமா இருக்கு. என்கூட ஊர் ஊரா வாரியா?"

"எனக்குப் பேச வராதுண்ணே."

"நீ பேசவே வேணாம்."

அதன் அர்த்தம் புரிந்ததும் அவரை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவர் நகரவில்லை. ரொம்ப நாள் யோசித்துவிட்டு நானாகத்தான் அவரைத் தேடிப் போனேன்.

முதலில் போனது சிறுமலை அடிவாரத்தில் ஒரு ஊர். அங்கேயும் கதவுகள் சாத்தியே இருந்தன. தண்ணீர் எடுத்து வந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்தாள். "ஆத்தாடி!" என்று அலறி, குடத்தைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினாள். எனக்கு உயிரே போய்விட்டது. திரும்பிவிடலாம் என்றேன்.

அதற்குள் அவள் வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை.

"இதுகளுக்கு இப்பவே குத்துங்கய்யா" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பத்து வருஷத்துக்கு மேல் அப்படிப் போய் நின்றேன். விளையாடுகிற தம்பிகளுக்குச் சொல்கிறேன்: உடம்பு விஷயத்தில் மேட்ச் முடியட்டும் என்று கேப்டனே சொன்னாலும் கேட்காதீர்கள். அன்று எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய என் கைகள் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல்தான் இருக்கின்றன.