கொளுத்திப் பார்க்காத நூல்

துணி வாங்குகிற திருப்பூர்க்காரன் வாய்வார்த்தையை நம்பமாட்டான். ஓரத்தில் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்திப் பார்ப்பான். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் உதிரும். பாலியஸ்டர் என்றால் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாகக் கட்டிக்கொள்ளும். ஏற்றுமதி கம்பெனியில் துணி கொள்முதல் பார்த்த காலமெல்லாம் இதைச் செய்தவன் நான். ஒரே ஒருமுறை செய்யவில்லை.

கொரோனா அடங்கிய வருடம் ஓய்வு பெற்று, வீட்டின் பின்புறம் காய்கறி போட்டேன். நட்ட தேதியைக் குச்சியில் எழுதிப் பாத்தியோரம் செருகிவைப்பது என் வழக்கம். தக்காளி, கத்தரி, வெண்டை, மூலையில் ஒரு பூசணி. கோடையில் மண் பாளம்பாளமாக வெடித்தது. புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்த நண்பர் என் தொடையைத் தட்டினார். சின்னதாக பனியன் கம்பெனி நடத்துபவர். பல வருடங்களாக நாங்கள் ஒரே பாயில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்கள்.

"கம்பெனில பனியன் வெட்டுன துண்டு, கட்டிங் வேஸ்ட் இருக்குதுங்ணா. அத்தனையும் காட்டன். மண்ணுல பொதைச்சு வுடுங்க, ஈரம் நிக்கும், ஒரு வருசத்துல மக்கிப் போயிரும்."

ஈஸ்டர் முடிந்த வாரம் அவருடைய டெம்போவில் மூட்டைகள் வந்தன. அடுத்த வாரமும் வந்தன. முதல் மூட்டையைப் பிரிக்குமுன் அவரே பாத்தியோரம் நின்று, கண்ணை மூடி, இந்த மண்ணை ஆசீர்வதிக்கும்படி ஆண்டவரிடம் கேட்டார். ஜெபித்துக் கொடுத்த துணியில் தீக்குச்சி வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. பூசணி மூலையைத் தவிர எல்லா இடத்திலும் புதைத்தேன். சபையில் எழுந்து நின்று அவருக்கு நன்றிகூடச் சொன்னேன்.

மறு வருடம் கத்தரி வாடியது. ஊற்றிய தண்ணீர் மேலேயே நின்றது. கொத்திப் பார்த்தேன். ரோஸ், ஆகாய நீலம், எலுமிச்சை மஞ்சள் துண்டுகள் எல்லாம் நேற்று வெட்டியது போல வந்தன. வேர் உள்ளே போக வழியில்லாமல் அவற்றின் மேலேயே சுருண்டு கிடந்தது.

என் மனைவி ஒரு துண்டைக் குழாயில் அலசிக் காயப்போட்டாள். "கலர்கூடப் போகலீங்க. தெச்சுப் போட்டுக்குங்க" என்று சிரித்தாள். காய்ந்ததும் நான் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டினேன். கறுப்பு மணி. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலை கம்பெனிக்குப் போனேன். "வாங்ணா, டீ சாப்புடுங்க" என்றார் நண்பர். துண்டை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"வேஸ்ட் எடுக்கறவன் பாலியஸ்டர் வேண்டாமுன்னுட்டானுங்ணா. ரோட்டோரம் கொட்டுனா கார்ப்பரேசன்காரங்க புடிச்சுக்கறாங்க. உங்க ஊட்டுல எடம் இருந்துச்சு."

"காட்டன்னு சொன்னீங்களே."

"நீங்க துணி பாத்த ஆளு. தொட்டாலே தெரியுமே, தெரிஞ்சுதான் வாங்கிக்கறீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப அந்த ஜெபம்?"

அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகிவிட்டது. "அதைப் போயி இதோட சேக்கறீங்களேங்ணா. ஜெபத்த மனசாரத்தான் பண்ணுனேன்."

அவர் சொன்னது உண்மை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் தாங்கவில்லை.

இயேசு சொன்ன விதைக்கிறவனின் உவமையை, பாறை நிலத்தில் விழுந்த விதை வேரில்லாமல் உலர்ந்துபோகிற கதையை, எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். பாறை நிலம் ஆதியிலிருந்தே பாறை என்று நினைத்திருந்தேன். மேலே நல்ல மண்ணும் ஒரு சாண் கீழே வேர் இறங்காத அடுக்குமாக ஒரு நிலத்தை நம் கையாலேயே செய்துவிடவும் முடியும். என் தோட்டம் மட்டுமல்ல, நானும் அப்படித்தான் ஆகியிருந்தேன். மனதில் பகையை வைத்துக்கொண்டு, அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்குப் போகக்கூடாது. பல ஞாயிறுகள் எல்லோரும் எழுந்து போக, நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆண்டவருடைய பந்தியைத் துணிக்கழிவுக்காக இழந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகைக்குக் கொண்டுபோக என்னிடம் அந்த மூலைப் பூசணி ஒன்றுதான் இருந்தது. ஆராதனையில் சமாதானம் சொல்லும் நேரம் நண்பர் வரிசை தாண்டி வந்து இரு கையையும் நீட்டினார். "சமாதானமுங்ணா." நானும் கை கொடுத்தேன். அன்று திருவிருந்துக்கும் போனேன். மன்னித்துவிட்டேன் என்றே நம்பினேன்.

பிறகு காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டார்கள். பூசணிக்கு அவர் விடாமல் ஏற்றிக் கேட்டார். "அண்ணன் தோட்டத்துக் காயி, வுட்டுருவனா!" சபையே சிரித்தது. அதைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைக் கடக்கையில், "நாஞ்சொன்னனில்லீங்ணா, நல்லாக் காய்க்குமுன்னு" என்றார். அது எந்த மூலையில் காய்த்தது என்று நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை மண்வெட்டியை எடுத்தேன். முதல் வெட்டிலேயே ஒரு ரோஸ் துண்டு சிக்கியது. அதே கொதிப்பு, குறையாமல் வந்தது. ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொன்னது, திரும்பத் திரும்பத் தப்புச் செய்கிறவனுக்காகத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரே தப்பையும் அத்தனை தரம் மன்னிக்க வேண்டியிருக்கிறது. துண்டை உருவி வாளியில் போட்டேன். பாதித் தோட்டம் இன்னும் கொத்தாமல் கிடக்கிறது.