ஒருமுறைதான் கேட்பார்கள்

மனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹன்னா எழுந்துவிட்டாள். "ஐந்து மணியாகிவிட்டது, மிச்சத்தை நாளைக்குப் பேசலாம்" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டாள். மனேஜர் எழும்பும்வரை கதிரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ஆள் நான். மனிதர் இனிக் கத்தப்போகிறார் என்று பார்த்தால், அவள் போன கதவைப் பார்த்துத் தலையை ஆட்டி, "பார்த்தீர்களா, இதற்காகத்தான் கம்பனிகளெல்லாம் நெதர்லாந்துக்கு ஓடுகின்றன!" என்கிறார். இத்தனை வருடம் ஆறரை மணிவரை இருந்த என்னை அவர் அன்றைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

கனடாவில், மொன்ட்ரியாலுக்குப் பக்கத்து லவாலில் இருக்கிறது எங்கள் அலுவலகம். ஆஸ்பத்திரிகளுக்கு இயந்திரங்கள் விற்கிற அமெரிக்கக் கம்பனி. இயந்திரம் பழுதானால் ஆஸ்பத்திரிக்காரர் அழைக்கும் தொலைபேசிப் பிரிவில்தான் எனக்கு வேலை. அந்தப் பிரிவை அப்படியே நெதர்லாந்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடிவெடுத்திருந்தார்கள். அங்கே அதை நடத்தப்போகிறவள், வேலையைப் பழகிக்கொண்டு போக வந்தவள்தான் ஹன்னா. என் கதிரையைப் பறிக்க வந்தவளுக்கு நானே உட்காரச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஊரிலிருந்து வாசிக்கிறவர்களே, வெளிநாட்டு வாழ்க்கை என்பது இதுவும்தான்.

அந்த நாட்டுத் தொழிலாளரின் பெருமையைக் கூட்டம் வைத்து எங்களுக்கு விளக்கினார்கள். ஆளுக்கு மூன்று நான்கு மொழி தெரியுமாம். மனதில் உள்ளதை நேரே சொல்வார்களாம். மேலதிகாரி பிழை விட்டால் முகத்துக்கு நேரே பிழை என்பார்களாம். வாரத்தில் நான்கு நாள் வேலை செய்தாலும் வேலை முடிந்திருக்குமாம். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். எனக்குத் தமிழ் தெரியும், சிங்களம் தெரியும், ஆங்கிலம் தெரியும். பனிக்குள் இரவு வகுப்புக்குப் போய்ப் படித்த பிரெஞ்சும் தெரியும். அவர்களுக்கு நான்கு மொழி என்றால் அது திறமை, எனக்கென்றால் அது அகதிக் கதை. எரிச்சல் வராதா?

ஆனால் ஹன்னாவை வெறுக்க முடியவில்லை. நல்ல பிள்ளை. வந்த புதிதில் தங்கள் ஊர் பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து, "வேண்டுமா?" என்று நீட்டினாள். வழக்கம்போல "ஐயோ, வேண்டாம்" என்றேன். "சரி" என்று மூடி மேசைக்குள் வைத்துவிட்டாள்! நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு இருந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டாம்தரம் கேக்கேல்லையோ? என்ன சனமப்பா!"

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல்தரம் கேட்டால் வேண்டாம், இரண்டாம்தரமும் வேண்டாம், மூன்றாம்தரம் வற்புறுத்தினால் அரைக் கோப்பை தேத்தண்ணி. கேட்டவுடன் கையை நீட்டினால் வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தொடையில் கிள்ளுவார். "காணாததைக் கண்ட மாதிரி!" என்று பேச்சு வேறு. அந்தக் கிள்ளு இன்னும் என் உடம்பில் இருக்கிறது.

பிறகு தெரிந்தது, கியூபெக் ஆஸ்பத்திரிகளுக்காக லவாலில் ஒரேயொரு இடம் மிஞ்சும் என்று. ஆளைத் தெரிவுசெய்வது ஹன்னாவின் பொறுப்பாம். அந்த இடம் எனக்கு வேண்டும். இந்த வேலைக்கு முன்பு ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி தரம்பிரித்தவள் நான். குளிரில் வெடித்த விரல்களோடு அங்கே திரும்பிப் போக என்னால் முடியாது. மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தி மன்றாடினேன்.

ஹன்னா என்னையும் எங்கள் பிரிவிலேயே வேலை செய்கிற நத்தாலியையும் ஒன்றாகவே கூப்பிட்டாள். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டுமாம். "அனுபவம் கூடியவள் நீ. இந்த இடம் உனக்கு வேண்டுமா?" என்று என்னைக் கேட்டாள். பக்கத்தில் நத்தாலி. அவளுடைய குழந்தை இன்னும் கார்டரிக்கு, அதுதான் பிள்ளைக் காப்பகத்துக்கு, போகிற வயசு. அவளை வைத்துக்கொண்டு எந்த வாயால் "வேண்டும்" என்பது? "இல்லை, நத்தாலிக்குக் கொடுங்கள், சின்னப் பிள்ளைக்காரி" என்றேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஹன்னா வற்புறுத்துவாள், நத்தாலியாவது "இல்லையில்லை, உனக்குத்தான்" என்பாள் என்று.

"சரி, தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்றாள் ஹன்னா. நத்தாலி என்னைக் கட்டிப்பிடித்து, "மெர்ஸி, மெர்ஸி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி அழுதாள்.

அடுத்த நாள் காலையிலேயே ஹன்னாவிடம் போனேன். "அந்த வேலை எனக்கு வேண்டும்."

"நேற்று வேண்டாம் என்றாயே?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

"யாருக்கு மரியாதை?" என்று கேட்டாள். கேலியில்லை, உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை. "நத்தாலி நேற்றே கையெழுத்து வைத்துவிட்டாள். நீ ஓம் என்றிருந்தால் உனக்குத்தான் தந்திருப்பேன்." அதையும் நேரே சொன்னாள். எங்கள் ஆள் என்றால் "பார்ப்போம்" என்று சொல்லி ஒரு மாதமாவது நம்பிக்கையோடு இருக்க விட்டிருப்பார்.

"உமக்கு வாயில்லையே? வேணும் எண்டு ஒரு சொல்லு!" என்றார் வீட்டில் இவர்.

"அவள் பக்கத்தில இருக்கேக்க எப்பிடியப்பா சொல்லுறது?"

"அவள் உமக்காக ஒரு சொல்லுச் சொன்னவளோ?"



இப்போது மறுபடி சந்தையில் தக்காளி பிரிக்கிறேன். வேறு அலுவலகங்களுக்கு எழுதினேன், ஒருவரும் கூப்பிடவில்லை. இனி யார் எதைக் கேட்டாலும் உடனே ஓம் என்பது என்று எனக்குள் தீர்மானம் எடுத்தேன். போன ஞாயிறு பூசை முடிந்து, எங்கள் கோயிலுக்கு வருகிற றெஜினா அக்காவை மொன்ட்ரியால்-நோரில் அவருடைய வீட்டில் காரில் இறக்கிவிட்டேன். வாசல்வரை கூடப் போனேன்.

"தங்கச்சி, சாப்பிட்டிட்டுப் போமன்" என்றார்.

"ஓம் அக்கா, சாப்பிடுறன்."

அவருடைய சிரிப்பு ஒரு கணம் அப்படியே நின்றது. "ஓ... வாரும், வாரும்" என்று அவசரமாக உள்ளே போனார். குனிந்து ஒரு காலின் பூட்ஸைக் கழற்றினேன். குசினிக்குள் மகளின் குரல் கேட்டது.

"அம்மா, சோறு காணாது."

"சத்தம் போடாதை. கேட்டா ஓம் எண்டுவா எண்டு ஆர் கண்டது? உலையை வை."

அரிசி அளக்கும் சத்தம் கேட்டது. வேண்டாம் என்று சொல்லக் காலம் கடந்துவிட்டது. பனி உருகி வடிகிற பூட்ஸோடு ஒரு கால் வாசல் மிதியடியில், வெறும் காலுறையோடு மற்றக் கால் அவருடைய நிலத்தில். அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.