காவிப் பொட்டு வைத்த பாவு

எட்டாவதோடு நின்ற நான் எழுத வருவது அதிகப்படிதான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். காகிதம் முறைத்துப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெள்ளைக்காரர் காலம். செல்லூரில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. எனக்குக் கணக்கு வராது. வகுப்பே ஒரே ராகத்தில் வாய்ப்பாடு பாடும்போது நானும் வாயசைப்பேன். தனியாக நிறுத்திக் கேட்டால் ஊமை. இந்த வருசமும் கணக்கில் கோட்டை விட்டால் படிப்பு போதும், ராட்டையில் நூல் சுற்ற உட்கார வேண்டியதுதான் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்போதுதான் புது வாத்தியார் வந்தார். அந்த வாய்ப்பாட்டு ராகம் அவருக்கே அலுத்திருக்க வேண்டும். ஒருநாள், நாளைக்குக் கணக்கு வகுப்பு தெருவில்தான், தெருவின் நீளத்தை அவரவருக்குத் தோன்றிய வழியில் அளந்து காட்டுங்கள் என்றார். அவர் சொன்னது எங்கள் தெரு.

விடிந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருவன் சைக்கிள் டயரை உருட்டினான். ஒருத்தி கிணற்றுக் கயிற்றையே அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்கள் பாவு கட்டியிருந்தது. வேட்டி நெய்ய நீளவாக்கில் இழுத்துக் கட்டிய வெள்ளை நூல். அதற்குப் போடக் கஞ்சி காய்ச்ச அப்பாவும் சித்தப்பாவும் உள்ளே போயிருந்தார்கள். அத்தை கோலத்துக்குக் கரைத்த காவி வாசலில் இருந்தது.

பாவின் மேல் கையை வைத்து முழம் போட்டேன். எண்ணிக்கை தவறாமலிருக்க முழத்துக்கு ஒரு காவிப் பொட்டு, பத்தாவது முழத்துக்கு இரண்டு. முதல் தடவையாகக் கணக்கு என் பேச்சைக் கேட்டது.

கடைசிப் பொட்டு வைத்து நிமிர்ந்தால், கஞ்சிப் பானையோடு அப்பா.

"யாரு பார்த்த வேலை இது?"

என் கட்டைவிரலே சொல்லிற்று. பள்ளிக்கூடம் இன்றோடு சரி என்று நினைத்தேன். வாத்தியார் ஓடிவந்தார்.

"நாந்தாண்ணே அளக்கச் சொன்னேன். கோவத்த எம்மேல காட்டுங்க."

அப்பா பானையை இறக்கினார். குனிந்து, ஒரு பொட்டில் முழங்கையை ஊன்றிக் கையை நீட்டினார். விரல்கள் அடுத்த பொட்டைத் தாண்டிப் போயின.

"ஏத்தா, உன் முழத்துக்கு நெய்ஞ்சா வேட்டி இடுப்புல நிக்குமா?"

சித்தப்பா சிரித்துவிட்டார். "விடுண்ணே. நம்ம தெருவ எம்புட்டு நீளமாக்கிட்டா பாரு."

வாத்தியார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரே தெரு எப்படி நீளும் என்று கேட்டு, அப்பாவையும் முழம் போட வைத்தார். பிள்ளைகள் கூடவே கத்தி எண்ணினார்கள். அப்பாவின் மூன்று முழம் என்னுடைய நாலு முழம் என்று முதலில் சொன்னது நான்தான்.

"இவளுக்கா கணக்கு வராது?" என்றார் வாத்தியார்.

அப்பா என்னையே பார்த்தார். "வருதே" என்றார்.

அடி விழவில்லை. ராட்டைப் பேச்சும் எழவில்லை. "கறுப்புச் சாயத்துல முக்குனாப் போச்சு" என்று அப்பா பாவைச் சுருட்டினார். அப்பாவுக்குக் கறுப்புதான் பிடிக்கும் போல என்று எண்ணிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். அது ஒரு கல்யாண வீட்டு வேட்டிகளுக்காக வாக்குக் கொடுத்த நூல் என்பதோ, அந்த வீட்டு வாசலில் அப்பா என்ன சொல்லி நின்றிருப்பார் என்பதோ அன்று எனக்குத் தெரியாது.

மறுநாள் பாவு சாயத்துக்குப் போயிற்று. நான் பள்ளிக்கூடம் போனேன்.