இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை

என் அப்பா மெர்ல் டோஸ்ட்ரூட், ஐயோவாவில் எண்ணூறு பேர் படிக்கும் ஒரு கல்லூரியில் இருபத்தொன்பது வருடம் அமெரிக்கக் கால்பந்துக் கோச். மைதானத்துக்குக் கோடு போடுவதும் அவர்தான், ஜெர்சி துவைப்பதும் அவர்தான். விளையாட்டுக்கு உதவித்தொகை தராத கல்லூரி. அதனால் பண்ணை வீட்டுச் சமையலறைகளில் உட்கார்ந்து, ஆப்பிள் பை தின்று, அம்மாக்களிடம் பேசிப் பேசியே பிள்ளைகளைச் சேர்ப்பார். பந்தை எறிய விடமாட்டார். தூக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடு, அவ்வளவுதான். வருடத்துக்கு மூன்று ஆட்டம் ஜெயித்தால் அதிகம்.

நான் பாலங்களைப் பரிசோதிக்கும் என்ஜினியர். விரிசல் என்று எழுதிக் கொடுத்தால் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அப்பா நிறுத்தவில்லை.

செப்டம்பரில் டாக்டர் சொன்னார்: அப்பாவின் இதயத்தில் மூன்று அடைப்பு, உடனே ஆபரேஷன்.

“சீசன் முடியட்டும்மா. நவம்பர் பதினாலு கடைசி ஆட்டம். பதினேழாம் தேதி அறுத்துக்கோங்க.”

“அதுக்கு மேல இழுக்க மாட்டீங்களே?”

“நம்ம டீமைப் பத்தி உனக்குத் தெரியாதா? சொன்ன தேதிக்கு மேல ஒரு நாளாவது ஆடியிருக்கோமா?”

உண்மைதான். நம்பி ஒத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பார்த்து ஜெயிக்கத் தொடங்கினார்கள். மற்ற அணிகளெல்லாம் எறிந்து ஆடிப் பழகி, முட்டிக்கொண்டு வருகிறவனைத் தடுக்க மறந்திருந்தன. ஆறு, ஏழு, எட்டு வெற்றி. ஊரே கூத்தாடியது. பட்டம் வாங்கினால் சீசன் நீளும்; நான் எதிரணிக்காக வேண்டிக்கொண்டிருந்தேன். துணைக் கோச் கர்ட்டிடம் கேட்டே விட்டேன்: “ஒரு ஆட்டம் தோத்தா என்ன?”

“தோத்துடுங்கடான்னு பசங்ககிட்ட நான் எப்படிச் சொல்வேன், கிர்ஸ்டன்?”

பத்தாவது ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் ஜெயித்தார்கள். லீக் பட்டம். அடுத்த சனிக்கிழமை தேசியப் போட்டியில் நாக் அவுட் ஆட்டம், விஸ்கான்சின் அணி ஒன்றோடு.

“பதினேழாம் தேதி,” என்றேன், மைதானத்திலேயே.

“இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை. விஸ்கான்சின்காரங்க நம்மளைத் துவைச்சுக் காயப்போட்டுடுவாங்க. திங்கட்கிழமை நானே வந்து படுத்துக்கறேன்.”

ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்து தேதியை மாற்றினார். நான் கத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். அவரை வண்டியில் தள்ளி ஏற்றியிருக்கலாம்.

வியாழக்கிழமை பயிற்சியில் விழுந்தார். எழவில்லை.

சனிக்கிழமை அவர்கள் ஆடினார்கள். அறுபத்திரண்டுக்கு மூன்று. தோற்றார்கள், இப்போது.

திங்கள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

“ஏழு மணிக்கு வரச் சொன்னோமே, உங்கப்பா எங்க? மறுபடியும் தேதி மாத்தினா டாக்டர் கோவிச்சுக்குவாரு.”

“கோவிச்சுக்கட்டும்,” என்றேன்.