பழகிய செருப்பு

கம்ப்யூட்டர் டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது. காது மடல்தான் சிவக்கும். பெற்றோர் வரும் நாளன்று காலையிலேயே அது சிவந்திருந்தது.

ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செருப்பையும் ஷூவையும் படம் படமாகக் காட்டி, இரண்டையும் பிரித்துச் சொல்ல லேப்டாப்பைப் பழக்கியிருந்தார்கள். அது பார்த்திராத செருப்பைக் காட்டினால் தடுமாறும். ஏன் தடுமாறுகிறது என்று கண்டுபிடித்துத் திருத்துவதுதான் பாடமே. அதைப் பெற்றோர் முன்னால் செய்துகாட்ட டீச்சருக்கு ஆசை.

தலைமையாசிரியை வகுப்பு வாசலிலேயே, பிள்ளைகள் காதுபட மறுத்துவிட்டார். "தப்பா சொன்னா மானம் போயிடும். அதுக்குத் தெரிஞ்ச படத்தையே காட்டுங்க."

"கேள்வித்தாளை முன்னாடியே கொடுக்கிற மாதிரி ஆயிடுமே, மேடம்."

"பிள்ளைங்களுக்கு முக்கியமான கேள்வின்னு குறிச்சுக் கொடுக்கறோம்ல? அதுக்கும் கொடுங்க."

டீச்சர் பழைய படங்களையே எடுத்து வைத்தார். மாலையில் லேப்டாப் ஒன்றைக்கூடத் தவறாகச் சொல்லவில்லை. கைதட்டல் அடங்கியதும் ஒரு அப்பா, தேய்ந்த தன் செருப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு முன்னே வந்தார்.

"இதையும் காட்டு பாப்பா, என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்."

லேப்டாப் முன் இருந்த சிறுமி டீச்சரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு சிரித்தபடியே அதை மூடினாள். "சார்ஜ் போயிடுச்சு அங்கிள்."

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். சார்ஜர் ஒயர் சுவரில் செருகியபடியே இருந்தது. மூன்று மாதமாகத் தொண்டை வற்றப் பாடம் நடத்தியது யார் மண்டையில் ஏறியதோ, டீச்சருக்குத் தெரியவில்லை. வாசலில் நின்று மேடம் சொன்னது மட்டும் ஒரே நாளில் ஏறியிருந்தது.