கடலுக்கு ஆகாத கிளிப்பச்சை

கடலுக்குப் போகும்போது நான் கறுப்பு உடுத்த வேண்டும். இது விரதமில்லை, விஞ்ஞானம். மாஹிம் விரிகுடாவில் படகில் நின்று, தண்ணீரிலிருந்து மேலே வரும் ஒளியின் நிறத்தை ஒரு கருவியால் அளப்பேன். அதே நேரத்தில் செயற்கைக்கோளும் மேலிருந்து அளக்கும். இரண்டும் ஒத்துப்போனால், கரையோரக் கடலின் உடல்நலத்தை வானத்திலிருந்தே சொல்லலாம் என்பது என் ஆய்வு. பளிச்சென்ற உடையின் நிறம் தண்ணீரில் பட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

மழை மேகத்தால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. இனியும் அளவு கிடைக்காவிட்டால் ஆய்வை மூட்டை கட்ட வேண்டியதுதான். வானம் வெளுத்த முதல் நாள், வெள்ளிக்கிழமையாக வந்து தொலைத்தது.

மாட்டுங்கா வீட்டு வாசலில் அம்மா மறித்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா கறுப்பா? நல்ல காரியத்துக்குப் போறச்சே? கழட்டுடி."

"அம்மா, சாட்டிலைட் பத்தரைக்கு வந்துடும்."

"வரட்டும். அதுக்கும் பார்க்க லட்சணமா இருக்கட்டும்" என்று கிளிப்பச்சைத் துப்பட்டா ஒன்றை என் தோளில் போட்டாள்.

படகில் கழற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அதையே தலையில் கட்டிக்கொண்டு, கட்டியதை மறந்தும் போனேன்.

மாலையில் அளவுகளைப் பார்த்தால், சாக்கடை கலக்கும் அந்தத் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது. பாசி பெருகிவிட்டதென்று குதித்துக்கொண்டு என் கைடுக்குப் போன் செய்தேன்.

"சாட்டிலைட் அப்படிச் சொல்லலையே. கறுப்புதானே போட்டிருந்தே?"

"ஆமா சார்" என்றேன், அப்போதுதான் நினைவுக்கு வந்த துப்பட்டாவை விழுங்கிவிட்டு.

"உங்கம்மா ஸ்டேட்டஸ்ல படகுல ஒரு பச்சைக்கிளி நிக்கறதே, அது யாரு?"

அவசரத்துக்கு இருக்கட்டுமென்று இருவருக்கும் மற்றவர் நம்பரைக் கொடுத்து வைத்தவள் நான். படகிலிருந்து அம்மாவுக்குப் போட்டோ அனுப்பியவளும் நானேதான்.

அம்மாவிடம் கத்தித் தீர்த்தேன். அவள் அன்று இரவு சாப்பிடவே இல்லை. மறந்தது நான், பொய் சொன்னது நான், திட்டு மட்டும் அவளுக்கு. வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வானம் மறுபடி திறந்தது. எழுந்து பார்த்தால் கறுப்புச் சூடிதாரை அம்மாவே இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். கிளம்பும்போது என் கன்னத்தில் மையால் ஒரு பொட்டும் வைத்தாள். "கறுப்புன்னா திருஷ்டி படாது. இதை நீ முன்னாடியே சொல்லியிருக்கப்படாதோ?"

அன்று நான் அளந்ததும் செயற்கைக்கோள் அளந்ததும் அப்படியே ஒத்துப்போயின. கடல் பழுப்பாக, கலங்கிக் கிடந்தது. ஆய்வு பிழைத்த சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"சரியா வந்துடுத்தும்மா!"

"கடல் நன்னா இருக்கா?"

"இல்லைம்மா. ரொம்ப மோசமா இருக்கு."

"அப்புறம் எதுக்குடி சிரிக்கறே?" என்றாள்.