முன்வாசலுக்குப் புல்

விழுப்புரத்திலிருந்து வளவனூர் போகும் சாலைக்குப் பக்கத்தில், புதிதாகப் போட்ட நகரில் எங்கள் வீடு எழும்பியபோது நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். நகர் என்றுதான் பெயர். சுற்றிலும் கல் நட்ட மனைகளும் கருவேலமுள்ளும்தான். வீட்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் மண் மிஞ்சியது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அதுவரை சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. அதனால் அந்த மிச்சத்தை என்ன செய்வது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு ஓயவே இல்லை.

அப்பா ஒயரிங் வேலை செய்பவர். புதுச்சேரியில் பெரிய வீடுகளுக்கு வேலைக்குப் போனபோது, அங்கே பார்த்த தோட்டங்களையெல்லாம் போனில் படமெடுத்து வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலமாவை எடுத்து முன்வாசல் மண்ணில் கோடு போட்டார். வளைந்து போகும் நடைபாதை, மதில் ஓரம் செம்பருத்தி, மீதி முழுவதும் பச்சைப் புல். பின்பக்கம் அம்மாவுக்கு, வாழையோ முருங்கையோ, அவள் இஷ்டம்.

"முன்னாடி மட்டும் திங்கற பொருள் எதுவும் கூடாது" என்றார்.

"மாடா வளக்கறோம், புல்லு போட?" என்று கேட்டாள் அம்மா. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் அடுத்தவர் நிலங்களில் களை எடுத்தும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையைப் பிடுங்கியும் வளர்ந்தவள் அவள். வெயில் படுகிற மண்ணைச் சும்மா விடுவது அவளுக்குப் பாவம் மாதிரி.

அப்பா திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வேலைக்குப் போய் அங்கேயே தங்கியிருந்தபோது, அம்மா மண்வெட்டியை எடுத்தாள். கோலமாவுக் கோடெல்லாம் புரண்டு போயிற்று. அவள் கொத்திக்கொண்டே போக, நான் பின்னாலேயே குழிக்கொரு மல்லாட்டைப் பருப்பாகப் போட்டேன். குழிக்குப் போனதைவிட என் வாய்க்குப் போனது அதிகம். அப்பா திரும்பி வந்தபோது மண்ணைப் பிளந்து முளை தலைகாட்டியிருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா சத்தம் போடவில்லை. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"காலம்பூரா ஊரான் நெலத்துல குனிஞ்சிக்கினே கெடந்த. நம்ம வாசல்லயாவது நீ சும்மா உக்காரணும்னுதான் புல்லு போடலாம்னேன். இங்கயும் குனியணுமா?"

அம்மா குனிந்து ஒரு முளையைச் சுற்றி மண்ணை அணைத்தாள். பிறகு, "அது ஊரான் மண்ணுங்க. இது நம்மளுது. ஒரே ஒரு தபா போட்டுப் பாத்துட்றேன்" என்றாள்.

அப்பா பையை இறக்கிவிட்டு, ஹோஸ் பைப்பைக் குழாயில் மாட்டினார்.

அந்த மல்லாட்டையை அவித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தோம். அப்புறம் அம்மாவே மண்ணைச் சமப்படுத்தினாள். புல் வந்து இறங்கியது. அது வேர் பிடித்த பிறகு ஒரு சாயங்காலம் அப்பா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவள்போல அம்மா ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். அவள் கை தன்னால் போய் ஒரு கோரைக் களையைப் பிடுங்கியது. "ஏய்" என்று அப்பா சிரித்ததும் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் காலை நீட்டினாள். பிறகு மெல்லச் சாய்ந்து படுத்தே விட்டாள்.

உள்ளே குக்கர் விசில்மேல் விசிலாக அடித்தது. அம்மா அசையவில்லை. அடுப்பை அணைக்க அப்பாதான் ஓடினார். முதல் விசிலுக்கே பறக்கிறவள் இப்படிக் கிடக்கிறாளே, உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று பயந்து, அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

சுடவில்லை.